மீண்டும் பழைய வீரா

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அப்பா தம் புரோட்டோன் வீராவை என்னிடம் ஒப்படைத்தார். என் பகுதிநேரச் சம்பளம் முழுவதும் அதற்கே போனது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினேன், 13 அங்குல ரிம்மைக் கழற்றி 15 அங்குலம் பூட்டினேன், புகைபோக்கியையும் மாற்றினேன். நள்ளிரவில் தாமானுக்குள் நுழைந்தால் தெருவே விழித்துக்கொள்ளும். அதைப் பெருமை என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி. ஒருநாள் இறங்க முடியாமல் என் தோளைப் பிடித்து எழுந்தார். "அப்பா ஓட்டுனப்ப இப்படி இல்லையேப்பா," என்றார். அதே மாதம், டயர்களின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிவதைப் பட்டறையில் காட்டினார்கள்.

சக்கரத்தின் சாய்வு ஸ்பிரிங்கின் உயரத்தைச் சார்ந்தது. உயரத்தைக் குறைத்தால் சாய்வு கெடும். வெட்டிய ஸ்பிரிங் மீண்டும் வளராது. பழைய பாகங்களை விற்றுவிட்டதால், கார் உடைக்கும் கடைகளில் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மாற்றியதைவிட மீட்கத்தான் அதிக நாள் பிடித்தது.

நண்பர்களே, காரை அழகுபடுத்துவது குற்றமன்று. ஆனால், கழற்றும் பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காரில் யார் யார் ஏறுவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்பியதைத் தோல்வி என்று சிலர் கேலி செய்கிறார்கள். அம்மா இப்போது யார் துணையுமின்றி இறங்குகிறார். எனக்கு அது போதும்.