கோழியை விடுவதும் கோழி இல்லாமற் போவதும்

கற்பிட்டிக் கரையில் கைட் சேர்ஃபிங் பருவத்தை நம்பி நடக்கும் சில விடுதிகளின் உணவுப் பட்டியலில் பலாக்காய் இப்போது மதிப்பான இடத்தைப் பிடித்திருக்கிறது. பிஞ்சுப் பலாவைக் கோழித் துண்டுபோல வெட்டி, மாவில் புரட்டிப் பொரித்து, ‘வீகன் கரஅகே’ என்று பரிமாறுகிறார்கள். பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாத வெளிநாட்டுப் பயணிகள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். அந்த விடுதிகளிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள மீனவர், கூலித் தொழிலாளர் வீடுகளிலும் அண்மைய ஆண்டுகளில் கோழிக்குப் பதிலாகப் பலாக்காய் வந்தது. ஆனால் அங்கே அதை யாரும் வீகன் என்று அழைக்கவில்லை. ஒரே காய்க்குக் கிடைத்த இந்த இரண்டு மரியாதைகளுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கரஅகே என்பது ஜப்பானியர் கோழியைப் பொரிக்கும் முறை. சோயா சோஸ், இஞ்சி, உள்ளி ஆகியவற்றில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு மாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் கோழிப்பண்ணைகள் பெருகியபோது ஓயிட்டா மாகாணத்தின் உசா, நகட்சு நகரங்களில் இதற்கெனத் தனிக் கடைகள் தோன்றின. போரில் நொந்த ஒரு நாட்டில், கோழி சாதாரண மக்களின் கைக்கு எட்டத் தொடங்கியதன் அடையாளமாகவும் இதைப் பார்க்கலாம்.

பலாக்காயில் இதைச் செய்வது கடினமல்ல. நானும் செய்து பார்த்திருக்கிறேன். பால் ஒட்டாமலிருக்கக் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிஞ்சுக் காயை வெட்டி, உப்புப் போட்டு அவித்து, நீரைப் பிழிந்துவிட வேண்டும். ஜப்பானியர் சேர்க்கும் அரிசி மதுவை விட்டுவிட்டுத் தேசிக்காய்ச் சாறும் சிறிது சீனியும் சேர்த்தால் புத்தளத்து முஸ்லிம் வீடுகளுக்கும் பொருந்தும். அரை மணி நேரம் ஊறிய துண்டுகளைச் சோள மாவிலும் அரிசி மாவிலும் புரட்டி, மிதமான சூட்டில் ஒருமுறையும் ஆறவிட்டு நல்ல சூட்டில் மறுமுறையும் பொரித்தால் மொறுமொறுப்பு வந்துவிடும். நார் நாராகப் பிரியும் அதன் தசை, நாக்கை ஏமாற்றும் அளவுக்குக் கோழியை ஒத்திருக்கும்.

நாக்கு ஏமாறலாம். உடம்பு ஏமாறாது. 100 கிராம் பிஞ்சுப் பலாவில் உள்ள புரதம் ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே. அதே அளவு சமைத்த கோழி இறைச்சியில் சுமார் 25 கிராம் இருக்கிறது. விடுதியில் சாப்பிடும் பயணிக்கு இது பிரச்சினையல்ல. அவருக்குக் கடலை, பருப்பு, டோஃபு, சோயாப்பால் என்று வேறு வழிகள் பல உண்டு. சோறும் ஒரு கறியுமாக நாளை ஓட்டும் வீட்டில், அந்த ஒரு கறி பலாக்காயாக மாறும்போது குறைவது சுவை அல்ல, பிள்ளையின் வளர்ச்சி.

2022 ஐ மறந்துவிட முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. நாட்டில் சுமார் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அதற்கு முந்தைய மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. கோழி வாங்க முடியாத கரையோரக் குடும்பம் மீனுக்குத் திரும்பலாம் என்ற வழியையும் அந்த விலையேற்றம் அடைத்தது. பலாமரம் பலரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது உண்மை. சிங்களத்தில் அதைச் சோற்று மரம் என்று அழைப்பதும் அதனால்தான். ஆனால் சோற்று மரம் என்பதே அதன் எல்லையையும் சொல்கிறது. அது சோற்றுக்கு ஈடு, மீனுக்கும் முட்டைக்கும் ஈடல்ல.

புத்தளக் கரைக்கு இல்லாமை புதிதல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். நிவாரண அரிசியும் பருப்பும் கொண்டு பிள்ளைகளை வளர்த்த தாய்மார் இங்கே இருக்கிறார்கள். மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்ற வன்னித் தாய்மாருக்கும் அதே அனுபவம் உண்டு. ஆடி மாதத்திலும் கந்தசஷ்டியிலும் மச்சம் விலக்குவது நமது வழக்கம். விரதம் முடியும் நாள் நமக்குத் தெரியும். முகாமில் மச்சமின்றி இருந்ததற்கு முடிவுநாள் தெரியாது. முன்னதை நாம் தேர்ந்தெடுத்தோம், பின்னது நம்மேல் சுமத்தப்பட்டது.

இலங்கையில் இறைச்சியைப் பற்றிய பேச்சுக்கு அரசியலும் உண்டு. 2013 இல் ஹலால் சின்னத்துக்கு எதிராக நடந்த பிரசாரத்தையும், 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியதையும் இந்தக் கரையின் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயிர்மேல் கருணை என்று சொல்லப்பட்டது ஒரு சமூகத்தின் தட்டைக் குறிவைத்தபோது, மரக்கறி உணவைப் பற்றிய நல்ல கருத்துகள்கூடச் சந்தேகத்துக்கு உள்ளாகின. வீகன் உணவைப் பரிந்துரைப்போர் இந்தப் பின்னணியை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வருமானம். 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றி வெட்டத் தடை விதித்தது. பஞ்சத்தில் சோறு போடும் மரங்கள் என்பதை அரசு அன்றே உணர்ந்திருந்தது. இன்று அந்தப் பிஞ்சுக் காய் உப்புநீரில் இட்டு ரின்களில் அடைக்கப்பட்டு, மேற்கு நாடுகளின் கடைகளில் இறைச்சிக்கு மாற்றாக விற்கப்படுகிறது. பலா அதிகம் விளைவது குருநாகல் போன்ற ஈரமான பகுதிகளில். அங்கிருந்து புத்தளத்துக்கு நேர்வீதி உண்டு. தென்னையும் இந்த இரு மாவட்டங்களின் பயிர். ஆக, காயும் எண்ணெயும் பக்கத்திலேயே இருக்கின்றன. வெட்டி, அவித்து, பொதிசெய்யும் வேலையைக் கரையோரப் பெண்களின் சங்கங்களே செய்தால் காயின் விலையில் ஒரு பங்கு இங்கேயே தங்கும். அதற்குக் குளிரூட்டும் வசதியும் சுகாதாரச் சான்றிதழும் சிறு கடனும் வேண்டும். தேங்காய் விலை ஏறினால் பொரியலின் இலாபம் கரையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கும் ஒரு வழி உண்டு. ஊறவைத்துப் பிழிந்த சோயா மீட்டைப் பலாக்காயுடன் சரிபாதியாகக் கலந்து, சோள மாவில் பாதியைக் குறைத்துக் கடலை மாவைச் சேர்த்துப் பொரித்தால் சுவையும் கெடாது, புரதமும் கூடும். முகாம் நாட்களை நினைவூட்டுவதால் சோயா மீட்டைக் கண்டாலே முகம் சுளிப்போர் நம்மில் உண்டு. அவர்கள் கௌபியோ அவித்த கடலையோ சேர்க்கலாம்.

ஆனால் இதைச் சமையற்குறிப்போடு முடித்துவிடக் கூடாது. பாடசாலை மதிய உணவில் முட்டையோ மீனோ தவறாமல் இருக்க வேண்டும், சிறு படகுகளுக்கு எரிபொருள் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் இதில் அடங்கும். கோழியை வாங்கக்கூடிய ஒருவர், வேண்டாம் என்று பலாக்காயை எடுத்தால் அது அவரது விருப்பம். வாங்க முடியாதவரிடம் அதே பலாக்காயை ஆரோக்கிய உணவு என்று புகழ்வது, அவரது பசிக்கு வேறு பெயர் வைப்பதாகவே முடியும்.