விளக்கு அணைஞ்சா வால்வு மூடிச்சுன்னு அர்த்தமா?

விபத்து ரிப்போர்ட்டில் 'மனிதத் தவறு'ன்னு பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த மனிதனுக்கு முன்னாடி இருந்த பேனல் என்ன காட்டுச்சுன்னு கேக்க வேணாமா?

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை. அழுத்தம் குறைக்கத் திறந்த வால்வு திரும்ப மூடாம மாட்டிக்கிச்சு. ஆனா கண்ட்ரோல் ரூமில் அதோட விளக்கு அணைஞ்சிருச்சு. ஏன்னா அந்த விளக்குக்குத் தெரிஞ்சது வால்வுக்குப் போன கட்டளை மட்டும்தான். வால்வு நிஜமாவே மூடிச்சான்னு அதுக்குத் தெரியாது. குளிர்விக்கிற தண்ணி வெளியே போய்க்கிட்டே இருக்க, மீட்டரோ நீர்மட்டம் ஏறுதுன்னு காட்டுச்சு. அதை நம்பி அவசரப் பம்புகளைக் குறைச்சாங்க. அவங்களுக்குக் கொடுத்த பயிற்சியே அப்படித்தான்! நூறுக்கும் மேல அலாரம். அதையெல்லாம் அச்சடிச்ச பிரிண்டர் ரெண்டு மணி நேரத்துக்கும் மேல பின்தங்கி ஓடிச்சு. (சிரிக்காதீங்க, நம்ம லாக் ஃபைல் லட்சணம் தெரியாதா?) கடைசியில் உலை மையத்தில் பாதி உருகிப் போச்சு.

அதுக்கப்புறம்தான் முக்கிய அளவுகளை ஒரே திரையில் காட்டுற சிஸ்டம் அமெரிக்க நிலையங்களில் கட்டாயமாச்சு. நல்லதுதான். இப்போ ஏஐ ஆலோசனை சொல்லும்கறாங்க. சொல்லட்டும். ஆனா அதுக்கும் தகவல் அதே விளக்கிலிருந்து போனா, தப்பை இன்னும் வேகமா, இன்னும் நம்பிக்கையா சொல்லும், அவ்வளவுதான்.

இதைப் படிச்சிட்டு என் பழைய கோடைத் திறந்து பார்த்தேன். ரிக்வெஸ்ட் அனுப்பினதுமே 'முடிந்தது'ன்னு பச்சை காட்டுது. மாத்திக்கிட்டு இருக்கேன்.