முளையிலே தெரியுமா விளையும் பயிர்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அதனை முற்றும் மறுத்துரைப்பது நம் நோக்கமன்று. எனினும், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் வட்டாரத்து உழவர் பெருமக்களிடம் இம்மொழியைக் கூறினால், நெல்லுக்குச் சரி, மல்லாட்டைக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர்கள் நகைக்கக்கூடும். பிற பகுதியினர் நிலக்கடலை என வழங்குவதையே இப்பகுதியினர் மல்லாட்டை என்பர். அதன் பூ மண்ணுக்கு மேலே பூக்கும். காயோ மண்ணுக்குள் இறங்கி விளையும். தழை செழித்து நின்ற செடியைப் பிடுங்கினால் காய் நாலைந்தே இருப்பதும், மெலிந்து நின்ற செடியின் அடியில் காய் கொத்தாய்த் தொங்குவதும் உண்டு. பிடுங்கும் நாள்வரை பொறுத்திருந்தே விளைச்சலைச் சொல்லவேண்டும்.

மனிதரின் ஆற்றலும் இத்தகையதே என்பது நம் துணிபு. ஆயினும் இன்றைய விளையாட்டுலகில், செடியைப் பிடுங்குமுன்னரே காயை எண்ணிச் சொல்லும் வல்லுநர் பலர் தோன்றியுள்ளனர். எந்த அணி முதற்சுற்றில் எவரைத் தெரிந்தெடுக்கும், அவர் எத்துணை உயர்வார் என்றெல்லாம் அவர்கள் உரைக்கும் முன்னறிவிப்புகளை இளைஞருலகம் வேதவாக்காகக் கொள்கின்றது. அவற்றின் தகுதியைச் சற்றே எடைபோட்டுப் பார்ப்பது பயனுடைத்து.

தெரிவு முறையும் கணிப்பும்

டிராஃப்ட் எனப்படும் வீரர் தெரிவு முறை அமெரிக்க நாட்டில் தோன்றியது. அங்குக் கால்பந்து எனப்படுவது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டமாகும். செல்வமிக்க அணிகளே சிறந்த வீரரை எல்லாம் கவர்ந்துகொள்ளாதிருக்க, முந்தைய பருவத்தில் கடைநிலையில் நின்ற அணி முதலில் தெரிந்தெடுக்கலாம் என்று விதி வகுத்தனர். வலியோர்க்கும் எளியோர்க்கும் இடையே சமன் காணும் நன்னோக்கம் இதில் உண்டு. 1936ஆம் ஆண்டில் நடந்த முதல் தெரிவில் முதற்பெயராக எடுக்கப்பெற்றவர் ஜே பெர்வாங்கர். அவரோ தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளும் இறங்கவில்லை. தெரிவின் வரலாறே இவ்வாறு தொடங்கிற்று!

2000ஆம் ஆண்டுத் தெரிவில் 198 பேர் எடுக்கப்பெற்ற பின்னரே, ஆறாம் சுற்றில், டாம் பிரேடி என்பவரின் பெயர் வந்தது. அவரே பின்னாளில் ஏழுமுறை அந்நாட்டின் உச்சப் பட்டத்தை வென்ற அணிகளில் ஆடினார். அவருக்கு முன்னே பெயர் பெற்ற 198 பேருள் அப்பெருமையை எய்தியவர் ஒருவருமிலர். ஓடும் வேகத்தையும் தாவும் உயரத்தையும் உடலெடையையும் அளந்து குறித்த வல்லுநர்க்கு, தோல்வியின் விளிம்பிலும் கலங்காத அவர்தம் நெஞ்சுரத்தை அளக்கக் கருவி இருந்ததில்லை.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. ஓர் அணி எவரை எடுக்கும் என்று சொல்வது, அணி உரிமையாளரின் உள்ளத்தைக் குறித்த ஊகம். எடுக்கப்பெற்றவர் எவ்வாறு விளங்குவார் என்பது ஒரு மனிதரின் எதிர்காலத்தைக் குறித்த ஊகம். முன்னது பலிப்பதனாலேயே பின்னதும் பலிக்கும் என்று மக்கள் மயங்குகின்றனர். இம்மயக்கமே தீங்கின் தோற்றுவாய்.

நம் நாட்டுச் சான்று

இம்முறை நம் நாட்டிலும் நடைபெற்றதுண்டு. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டிக்கு இந்திய வீரரைத் தெரிவு செய்ய இதனையே கையாண்டனர். 2017 ஜூலையில் மும்பையில் நடந்த தெரிவில் முதற்பெயராக எடுக்கப்பெற்றவர், கேரளத்து மலப்புரம் மாவட்டத்துக் கொண்டோட்டியைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிகா. புதிதாய்ச் சேர்ந்த ஜாம்ஷெட்பூர் அணி அவரை 1 கோடியே 10 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதே தொகைக்கு யூஜின்சன் லிங்டோ என்பவரைக் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி எடுத்தது.

விளைவு யாது? முந்தைய பருவத்தில் வாகை சூடியிருந்த கொல்கத்தா அணி, பத்து அணிகளுள் ஒன்பதாம் இடத்திற்கு இறங்கியது. லிங்டோ காயமுற்று, பருவத்தின் பெரும்பகுதியும் ஆட இயலாதவரானார். ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடம் பெற்று அரையிறுதி வாய்ப்பை இழந்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இறுதியாட்டத்தில், அட்டவணையின் முதலிடத்தில் இருந்த பெங்களூரு அணியை அதன் சொந்த ஆடுகளத்திலேயே 3-2 எனும் கணக்கில் வென்று, நம் சென்னையின் எஃப்.சி. கோப்பையைக் கைக்கொண்டது. அந்த 2017ஆம் ஆண்டிற்குப் பின் இப்போட்டியில் டிராஃப்ட் முறையே கைவிடப்பட்டது.

அனஸ் அவர்களின் வாழ்வு இன்னும் ஆழமான பாடத்தைத் தருவது. வறிய குடும்பத்தில் பிறந்து, இளமையில் ஆட்டோ ஓட்டியும் பொருளீட்டியவர் அவர். இந்தியாவிற்காக முதன்முதல் ஆடியது 2017 மார்ச்சில். அப்போது அவருக்கு வயது முப்பது. முதற்சுற்றின் முதற்பெயராய் ஒளிர்ந்த இவ்வீரரை, அதற்கு முன் பத்தாண்டுகளாகத் தேசிய அணியின் தெரிவாளர் காணாதிருந்தனர் என்பதன்றோ இதன் பொருள்?

கபடியிலும் இதே கதைதான். 2022 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் பவன் செராவத் என்னும் புகழ்மிக்க வீரரைத் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்ற அவர் அப்பருவம் முழுதும் ஆடவில்லை. இனி இவ்வணி எழாது என்று பலரும் கைவிட்ட நிலையில், அப்பருவத்தில்தான் அறிமுகமான நரேந்தர் என்னும் இளைஞர் 200க்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குவித்தார். அணி தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது.

வல்லுநர் தரப்பு வாதம்

வல்லுநர் சொல் முற்றிலும் வீண் என்று நாம் சாதிக்க வரவில்லை. அவர்கள் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கண்டு ஆராய்பவர்கள். பொதுமக்கள் காணாத நுட்பங்களைக் காண்பவர்கள். முதற்சுற்றில் எடுக்கப்பெறுவோர் பெரும்பாலும் திறனுடையோரே என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், பலரைக் குறித்துப் பொதுவாகப் பொருந்தும் கூற்று, ஒருவரைக் குறித்த தீர்ப்பாகிவிடாது. காயம், பயிற்றுநரின் அணுகுமுறை, தோழரின் ஒத்துழைப்பு, வீட்டின் வறுமை ஆகிய யாவும் பட்டியலுக்குப் புறத்தே நிற்பன.

அனைத்தினும் மேலாக, வல்லுநர் கணிப்பு பட்டியலில் உள்ளவரைப் பற்றி மட்டுமே பேசும். பட்டியலில் இடம்பெறாதவரைப் பற்றி அது வாய்திறவாது. கடலூர் மாவட்டத்தில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் கால்பந்து அணியில் ஆடியவர். 2018இல் தேசிய வாகை சூடிய தமிழ்நாட்டு மகளிர் அணியிலும் இடம்பெற்றவர். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும்வரை கடலூரும் ஓமந்தூரும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அந்தக் கடலூர் மண்ணில் விளைந்த திறன், இந்த ஓமந்தூர் மண்ணில் விளையாதென்று எவர் சொல்ல வல்லார்?

தெரிந்தெடுத்தலின் அறம்

மறைவானவற்றை அறிபவன் இறைவன் ஒருவனே என்பது நம் கொள்கை. அதனால் ஆராய்ந்து தெரியும் கடமை மனிதர்க்கு இல்லாமற் போவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுக என்பது நாம் அறிந்த நபிவழிப் போதனையன்றோ!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாள்களில் ஒரு படைக்குத் தலைவராக உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்களை நியமித்தார்கள். இருபது வயதையும் எட்டாத இளைஞர். விடுதலை பெற்ற அடிமையொருவரின் மைந்தர். முதுபெருந் தோழர்கள் பலர் இருக்க இவரா என்று சிலர் முணுமுணுத்தபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தெரிவில் உறுதியாய் நின்றார்கள். பின்னர் ஆட்சிப் பொறுப்பேற்ற அபூபக்கர் (ரலி) அவர்களும் அத்தெரிவை மாற்ற இசையவில்லை. குதிரைமீதமர்ந்த உஸாமாவின் அருகே தாம் கால்நடையாய் நடந்து வழியனுப்பினார்கள். வயதும் குலமும் தகுதிக்கு அளவுகோல் ஆகா என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தெரிந்தெடுத்தவரைத் தாங்கி நிற்பதும் தெரிவோரின் கடனே என்பதும் இதனால் விளங்கும்.

வள்ளுவப் பெருந்தகையும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்துள்ளார். தெரிந்தெடுப்பது ஒன்று, எடுத்தவரை உரிய வினையில் ஈடுபடுத்தி ஆளாக்குவது மற்றொன்று. முன்னதையே திருவிழாவாக்கும் இக்காலம் பின்னதை மறந்தது.

ஓமந்தூர் தரும் விடை

இனி ஓமந்தூருக்கே வருவோம். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்திற்கு முதலமைச்சர் தெரியப்பட்டபோது அப்பொறுப்பு இவ்வூர் உழவரான ஓ. பி. இராமசாமி ரெட்டியாரை நாடி வந்தது. அவருக்கு முன் அப்பதவியில் இருந்த இராஜாஜியும் பிரகாசமும் வழக்கறிஞர்கள். இவரோ சட்டப் பட்டமும் இல்லாதவர். பதவியைத் தேடிச் சென்றவருமல்லர். எனினும் 1949 ஏப்ரல் வரையிலான அவர்தம் ஈராண்டு ஆட்சியில் ஆலய நுழைவுக்கு வழிவகுத்த சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும், ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டமும் நிறைவேறின. பட்டத்தையும் நாவன்மையையும் மட்டும் அளக்கும் வல்லுநர் பட்டியலொன்று அந்நாளில் இருந்திருப்பின், ஓமந்தூராரின் பெயர் எத்தனையாவது சுற்றில் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அந்த ஊரிலிருந்தும் அதனையொத்த சிற்றூர்களிலிருந்தும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர் நிலை யாது? கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருநாள் மாலை அணித் தெரிவு நடைபெறும். காலணி இல்லாதவனும், ஊருக்குப் போகும் பேருந்தைத் தவறவிட அஞ்சியவனும் அதில் கலந்துகொள்வதில்லை. அந்த ஒருநாளில் எழுதப்பட்ட பட்டியலே மூன்றாண்டுக்கும் முடிவாகிவிடுகிறது. வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது. மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கண்டு, இவன் தேறுவான், இவன் தேறான் என்று முதல் வாரத்திலேயே மனத்துள் சுற்றுப் பிரித்துவிடுகிறோம். இப்பிழையில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆதலின் சிலவற்றை முன்மொழிய விழைகிறோம். அணித் தெரிவு ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மாற்றி, பருவத்திற்கு ஒருமுறையேனும் நிகழ்க. தொலைவிலிருந்து வருவோர்க்காக அது பகற்பொழுதில் அமைக. விலக்கப்பட்ட மாணவனுக்குக் காரணத்தையும், மீண்டும் வரவேண்டிய நாளையும் அன்போடு எடுத்துரைக்க. மாணவியர்க்கும் உரிய இடமும் நேரமும் ஒதுக்குக. காயமுற்றவனின் மருத்துவச் செலவையும் காலணி வாங்க இயலாதவனின் தேவையையும் ஜமாஅத் பெரியோரும் முன்னாள் மாணவரும் ஏற்பார்களாயின், அதுவும் கல்விக்குச் செய்யும் அறமே ஆகும்.

மாணவக் கண்மணிகளே! வல்லுநர் கணிப்பைச் சுவைக்காகப் படியுங்கள், விவாதியுங்கள், பலித்தால் மகிழுங்கள். ஆனால் உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லையென்று உள்ளம் சோராதீர்கள். பெரியோர்களே! முதற்சுற்றில் வந்தவனைப் பாராட்டும் அதே கையால், பெயர் வராதவனின் தோளையும் ஒருமுறை தட்டிக் கொடுங்கள். மண்ணுக்குள் விளைவதைக் காணும் பொறுமையை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.