விஞ்ஞானத்தில் பெண்கள்: பாராட்டுடன் நின்றுவிடலாகாது

ஆண்டுதோறும் பெப்ரவரி 11 ஆம் திகதி விஞ்ஞானத்துறைப் பெண்களுக்கும் சிறுமியருக்குமான சர்வதேச தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 ஆம் ஆண்டில் இத்தினத்தைப் பிரகடனப்படுத்தியது. அதே ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர், அப்போது 84 வயதான சீன விஞ்ஞானி தூ யூயூ ஆவார்.

வியட்நாம் யுத்தத்தில் மலேரியாவினால் படையினர் மடிந்துகொண்டிருந்த வேளையில், 1967 இல் சீன அரசாங்கம் இரகசிய மருந்தாய்வுத் திட்டமொன்றை ஆரம்பித்தது. 1969 இல் அதன் ஆய்வுக்குழுவொன்றுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு தூ யூயூவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை. வெளிநாட்டுப் பயிற்சியும் இருக்கவில்லை. சிறு பிள்ளைகளைப் பிறரது பராமரிப்பில் விட்டுவிட்டு அவர் பணியில் இறங்கினார். ஈராயிரத்துக்கும் அதிகமான பாரம்பரிய மருத்துவக் குறிப்புகள் திரட்டப்பட்டன. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலொன்று, மூலிகையைக் காய்ச்சாது நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறியிருந்தது. வெப்பமே மருந்தின் வீரியத்தைக் கெடுக்கின்றது என்பதை அதிலிருந்து ஊகித்த அவர், 1971 இல் குறைந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டு அதனைத் தாமே உட்கொண்டும் பரிசோதித்தார். ஆயினும், 1977 இல் வெளியான முதலாவது ஆய்வுக் கட்டுரையில் எவரது பெயரும் குறிப்பிடப்படவில்லை.

மலேரியாவின் கொடூரத்தை நாம் அறியாதவர்களல்லர். 1934-35 காலப்பகுதியில் அந்நோய் இலங்கையில் சுமார் 80,000 உயிர்களைக் காவுகொண்டது. 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனம் எமது நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வெற்றிக்கு நுளம்புக் கட்டுப்பாடும் சுகாதார ஊழியர்களின் இடைவிடாத கண்காணிப்புமே பிரதான காரணங்களாகும். எனினும், வெளிநாடுகளிலிருந்து கடுமையான மலேரியாவுடன் வருவோரின் உயிரைக் காப்பதில் அப்பெண்மணி கண்டறிந்த ஆர்ட்டிமிசினின் வழிவந்த மருந்துகளே இன்றும் கைகொடுக்கின்றன.

உலக ஆராய்ச்சியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பெண்கள் என யுனெஸ்கோ 2021 இல் சுட்டிக்காட்டியது. எமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதி பெறுவோரில் பெண்களே பெரும்பான்மையினர் என்பது பெருமைக்குரியது. ஆனால், பொறியியல் போன்ற துறைகளில் அப்பெரும்பான்மையைக் காணமுடிவதில்லை.

இதற்கான காரணங்களைப் பாடசாலையிலிருந்தே தேட வேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. தோட்டப்புறத்திலோ, வடக்கு, கிழக்கின் பின்தங்கிய கிராமமொன்றிலோ வாழும் மாணவி அப்பிரிவில் கற்பதற்குத் தொலைதூரம் செல்ல நேரிடுகின்றது. போக்குவரத்தையும் பாதுகாப்பையும் எண்ணித் தயங்கும் பெற்றோரைக் குறைகூறி மட்டும் பயனில்லை. தமிழ்மொழியில் கற்பிக்கும் விஞ்ஞான, கணித ஆசிரியர்களும், இயங்கும் ஆய்வுகூடங்களும், பாதுகாப்பான விடுதிகளும் உறுதிசெய்யப்பட்டால் அத்தயக்கம் தானாகவே குறையும்.

சாதித்த பெண்களைப் போற்றுவது அவசியமே. அதேவேளை, திறமையிருந்தும் ஆய்வுகூடத்தின் வாசலையே எட்டாத மாணவியருக்குப் பாராட்டு விழாக்களால் ஆகப்போவது எதுவுமில்லை. கல்வி அதிகாரிகளும் சமூகத் தலைவர்களும் பெற்றோரும் இதனை உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.