குற்றாலம் கிடக்கட்டும், குறுக்குத்துறைக்கு வாங்க

திருநெல்வேலிக்கு வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு இந்த ஊர் ஒரு வழித்தங்கல்தான். ஜங்ஷனில் இறங்குவார்கள், அல்வா எங்கே என்பார்கள், காரைப் பிடித்துக் குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ போய்விடுவார்கள். சீசன் நேரத்தில் ஐந்தருவி வரிசையில் நின்று, தலையைக் காட்டுவதற்குள் விசில் ஊத, பாதி நனைந்து திரும்புவார்கள். ஊருக்குள்ளேயே ஆறு ஓடுகிறதே என்றால், "பாலத்துல வரும்போது பார்த்தோம்" என்று பதில் வரும். ஆறு பார்ப்பதற்கா இருக்கிறது?

என் வீட்டுக்கு யார் வந்தாலும், விடிந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போய்விடுவேன். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் கொண்டிருக்கிற துறை அது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்கு ஏற்றிவிடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் கோயில் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிவிட்டுப் பூசையை ஆரம்பித்தார்கள். நீர் இறங்கியிருக்கும் நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள பாறைகளில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தால் மீன்குஞ்சுகள் வந்து கடிக்கும். சென்னையில் இதற்குக் காசு வாங்குகிறார்கள்.

இறங்குமுன் துணி துவைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். "அண்ணாச்சி, ஆழம் எந்தப் பக்கம்?" என்றால் போதும். "ஏ, அந்தக் கல்லத் தாண்டிப் போவாதிய" என்று சொல்லிவிடுவார்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருந்தால் இறங்கவே வேண்டாம். நகரைத் தாண்டினால் சாக்கடை சேர்ந்துவிடுகிறது. அதனால் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் குளியலுக்கு ஆகாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் விருந்தாளியிடம் மறைக்க முடியாது. இன்னும் தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் மேற்கே சேரன்மகாதேவி தாண்டித் திருப்புடைமருதூருக்குப் போகலாம். நம் ஆற்றில் கடனா நதி வந்து சேரும் இடம். கோயில் கோபுரத்துக்குள் மர வேலைப்பாடும் பழைய சுவரோவியங்களும் மாடி மாடியாக இருக்கின்றன. வெளியே மரங்களில் நாரைகள். அந்தப் பறவைகளை ஊர்க்காரர்களே காத்துவந்ததால், 2005-ல் அரசு அந்த இடத்தைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

போகிற வழியில் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, நாராகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்கிற பாய். உயர்ந்த ரகத்தைத் துணி போலவே மடிக்கலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் நெய்து தருவார்கள். பெரும்பாலும் முஸ்லிம் பெண்களின் கைவேலை. அவர்கள் கேட்கிற விலைக்குப் பேரம் பேசுகிறவரை நான் மறுபடி கூட்டிப்போவதில்லை.

ஊருக்குத் திரும்பினால் வெயில் ஏறியிருக்கும். வீட்டில் சொதி. தேங்காய்ப்பால் குழம்பும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்தால், சாப்பிட்டவர் மூன்று மணிவரை எழுந்திருக்கமாட்டார். ஈரடுக்கு மேம்பாலம், பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் எல்லாம் வண்டியில் போகிறபோதே பார்த்துக்கொள்ளலாம். சுலோச்சன முதலியார் பாலத்தில் மட்டும் இறங்கி நடக்க வேண்டும். நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஓடத்தில் கடந்துகொண்டிருந்த காலத்தில், கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாராக இருந்த முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. 1843-ல் திறந்தார்கள். இன்றும் டவுன் பஸ் அதன்மேல்தான் போகிறது. மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்று ஊரில் சொல்வார்கள். பேருந்துக்குக் காத்து நிற்கிற பிள்ளைகளிடம் முதலியார் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

நெல்லையப்பர் கோயிலுக்குச் சாயங்காலம் போவதே நல்லது. இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். நூற்றாண்டுகளாக ஆளாளுக்குத் தட்டித் தட்டித் தேய்த்தது போதும், கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள் என்பேன். சிற்பம்தான் வேண்டுமென்றால் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. கல்லில் நரம்பு புடைத்திருப்பதையும் நகக்கண்ணையும் காட்டியவர்கள், நாயக்கர் காலத்துச் சிற்பிகள்.

நெல்லையப்பர் கோயிலை விட்டு வெளியே வந்தால் எதிரே கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், கூட்டம் அதற்கு முன்பே சேர்ந்துவிடும். கிலோக் கணக்கில் பார்சல் கட்டி ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் கட்டட்டும். முதலில் கொஞ்சம் அல்வாவைச் சூடாக வாங்கி, அங்கேயே நின்று தின்ன வேண்டும். நெய் விரலில் வழியும். அதைத் துடைக்க யாராவது கைக்குட்டையை எடுத்தால் எனக்குக் கோபம் வரும். அதன்மேல் ஒரு பிடி மிக்சர். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியவர்கள் ஜங்ஷனுக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவது நல்லது. டவுன் போக்குவரத்தை நம்ப முடியாது.