விதைநெல்லை அவிக்கலாமா?

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பற்றி நம் சங்க மலரில் எழுதுவதா என்று சில நண்பர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணிக்கு, போர்வையும் கையுமாக விடுதிப் பொதுவறையில் கூடி ‘சூப்பர் பவுல்’ பார்க்கிறவர்களும் அதே நண்பர்கள்தாம்! ஆகவே மன்னிப்புக் கேளாமலே தொடங்குகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. ஓர் இளம் குவார்ட்டர்பேக்கின் காலும் இடுப்பும் தோளும் ஒழுங்குபடுமுன் அவனை முதல் ஆட்டக்காரனாகக் களத்தில் இறக்குவது பெருந்தவறு. அதனால் அணிக்கும் நட்டம்தான். ஆனால் அணி அடுத்த ஆண்டு வேறொருவனைத் தேடிக்கொள்ளும். அந்த இளைஞனுக்கு வேறொரு தோள் கிடைக்காது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வரிகள். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான். அதை ஓடுகிறவனிடம் கொடுப்பதும், தொலைவில் ஓடும் தோழனுக்கு எறிவதும் அவன் பொறுப்பு. எறிவதற்கு அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ இரண்டரை விநாடி. அதற்குள் நூற்றிருபது கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள மல்லர்கள் அவனைக் கீழே தள்ள ஓடி வருவார்கள்.

பந்தை எறிவது கையின் வேலை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறோம். உண்மையில் அது காலில் தொடங்குகிறது. பந்தின் எடை ஏறத்தாழ 400 கிராம். கிரிக்கெட் பந்தைப் போல இரண்டரை மடங்கு. இரு முனையும் கூம்பிய அதனை நாற்பது கெஜத்துக்கு அப்பால், ஓடுகின்றவன் மார்புக்கு நேராக அனுப்பத் தோள் வலிமை மட்டும் போதாது. வலக்கையால் எறிகிறவனானால், வலக்கால் தரையை உந்த வேண்டும். இடக்கால் இலக்கை நோக்கிச் சிறிதாக ஓர் அடி வைக்க வேண்டும். இடுப்பு முதலில் திரும்ப, அதன் பின்னே தோள், தோளின் பின்னே முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. சாட்டையின் பிடியில் பிறந்த விசை நுனிக்குப் போய்ச் சேருவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். முன்கால் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் உடலின் எடை பின்னாலேயே தங்கிவிடுகிறது. பந்து தோழனின் தலைக்கு மேலே பறக்கிறது. இடுப்பு திரும்புமுன் தோள் அவசரப்பட்டால் முழுப் பாரமும் தோள் மூட்டின் மேல் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. குவார்ட்டர்பேக் பின்வாங்கும் அடிகள் எண்ணி வைத்தவை: மூன்று அடி, ஐந்து அடி, ஏழு அடி. பந்தைப் பிடிக்க ஓடுகிறவனின் பாதையும் அந்த எண்ணிக்கையோடு பிணைந்தது. இவன் ஐந்தாம் அடியை ஊன்றும் நேரத்தில் அவன் திரும்ப வேண்டும். தாளம் தப்பினால் பாட்டு என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தாளம் தப்பினால் பந்து எதிராளியின் கையில் போய் உட்காருகிறது.

“ஆடி ஆடித்தானே கற்க வேண்டும்?” என்று கேட்பார்கள். பாதி உண்மை. எதிரணியின் சூழ்ச்சியைக் கண்டறியும் கண் களத்திலேதான் கூர்மைப்படும். அதற்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் கைகால்களின் பழக்கம் அப்படிப்பட்டதன்று. ஒரு பழைய பழக்கத்தை உடைத்துப் புதியதைப் பதிக்க ஆயிரக்கணக்கான முறை, நிதானமாக, எவரும் மதிப்பெண் போடாத இடத்தில் எறிந்து பார்க்க வேண்டும். எதிரே மல்லர்கள் வரும்போது உடல் தனக்கு நன்றாகத் தெரிந்த பழைய வழிக்கே ஓடிவிடும். முதல் ஆட்டக்காரனுக்கோ பருவம் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய வாரந்தோறும் ஒரு பந்தயம். வாரப் பயிற்சி முழுவதும் வரப்போகும் எதிரணிக்கான திட்டத்திலேயே கழிந்துவிடும். அதில் எங்கே உட்கார்ந்து காலைத் திருத்துவது?

இதற்கு 2005-ஆம் ஆண்டைப் போலத் தெளிவான சான்று வேறு கிடைப்பது அரிது. அந்த ஆண்டு ‘டிராஃப்ட்’ என்னும் தேர்வில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொண்டபோது, முதல் இடத்தில் சான் பிரான்சிஸ்கோ அணி எடுத்தது அலெக்ஸ் ஸ்மித் என்பவரை. அவருக்கு அப்போது வயது இருபது. ஒப்பந்தம் 4 கோடியே 95 லட்சம் டாலர். 24-ஆம் இடம் வரை யாரும் தொடாமல் காத்திருந்து, கடைசியில் கிரீன் பே அணிக்குப் போனவர் ஏரன் ராட்ஜர்ஸ்.

ஸ்மித் படித்த யூட்டா பல்கலைக்கழகத்தின் முறை வேறு. குவார்ட்டர்பேக் சில கெஜம் பின்னால் நின்றுகொண்டே பந்தை வாங்குவது அங்கே வழக்கம். தொழில்முறை ஆட்டத்தில் அவர் நடு ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று பந்தை வாங்கி, அடியெண்ணிப் பின்வாங்கக் கற்க வேண்டியிருந்தது. அதாவது அரிச்சுவடியிலிருந்து. அரிச்சுவடி முடியுமுன்னே தேர்வு வந்துவிட்டது. முதல் பருவத்தில் ஏழு பந்தயங்களில் தொடக்கத்திலேயே இறக்கப்பட்டார். டச் டவுனுக்கு எறிந்தது 1; எதிராளிகள் பறித்துக்கொண்டது 11.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அணியின் தாக்குதலை வகுக்கும் ஆசிரியர்கள் 2005 முதல் 2009 வரை ஐந்து பருவங்களில் ஐந்து பேர்: மெக்கார்த்தி, டர்னர், ஹாஸ்ட்லர், மார்ட்ஸ், ரே. ஒவ்வொருவருக்கும் ஒரு பாடத்திட்டம், ஒரு பரிபாஷை. 2006-இல் டர்னரிடம் பதினாறு பந்தயமும் ஆடிச் சற்றே தலை நிமிர்ந்தார். அடுத்த ஆண்டு ஆசிரியர் வேறு அணிக்குத் தலைமை ஏற்கப் போய்விட்டார். 2007-இல் எறியும் தோளில் காயம். 2008 பருவம் முழுவதும் ஆட இயலவில்லை. “ஸ்மித் தேறமாட்டான்” என்று ஊரே தீர்ப்பெழுதிவிட்டது. ஆசிரியரே நிலைக்காத வகுப்பில் மாணவன் தேறவில்லை என்பது என்ன நியாயம்?

நிற்க. கிரீன் பேயில் நடந்ததைப் பாருங்கள். அங்கே முதல் ஆட்டக்காரர் பிரெட் ஃபார்வ். 1992 முதல் ஒரு பந்தயத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவர். அவர் இருக்கும்வரை ராட்ஜர்ஸுக்குப் பெஞ்சுதான். 2006-இல் அந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார் ஒருவர், யார் தெரியுமா? முந்திய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஸ்மித்துக்கு ஆசிரியராக இருந்த அதே மைக் மெக்கார்த்தி! ராட்ஜர்ஸ் கல்லூரிப் பழக்கப்படி பந்தைக் காதோரம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைக் கீழே மார்பளவுக்கு இறக்கினார்கள். பருவம் இல்லாத மாதங்களில் மெக்கார்த்தி குவார்ட்டர்பேக்குகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் போல நடத்திக் கால் வைப்பையும் கை வீச்சையும் படிப்படியாகச் சொல்லித் தந்தார். பருவ காலத்தில் ராட்ஜர்ஸின் வேலை, வரப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடித்துத் தன் அணியின் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி தருவது. பார்ப்பதற்கு இழிவான வேலை. ஆனால் வாரந்தோறும் முதல்தரத் தடுப்பாளர்களை எதிர்த்து எறிந்து பழகலாம்; தவறினால் செய்தித்தாளில் வராது.

மூன்று பருவங்கள் இப்படிக் கழிந்தன. 2008-இல் முதல் இடம் கிடைத்தது. 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வெற்றி. லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 2011, 2014, 2020, 2021 ஆகிய நான்கு பருவங்களுக்கு.

ஸ்மித்துக்கு ராட்ஜர்ஸின் கை இல்லை என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இருவரும் இடம் மாறியிருந்தால் அப்படியே விதியும் மாறியிருக்கும் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் அதே ஸ்மித் 2011-இல் ஹார்பா என்னும் பயிற்சியாளர் வந்ததும், 13 பந்தயம் வென்று 3 மட்டும் தோற்ற அணியை நடத்தினார். அந்தப் பருவம் முழுவதும் எதிராளிகள் பறித்த பந்துகள் ஐந்தே! சரக்கு இல்லாதவரிடமிருந்து இது வருமா? ஆறு ஆண்டுகள் அவரிடமிருந்து வீணாகப் பிடுங்கப்பட்டன என்றே நான் சொல்வேன்.

என் கட்சிக்கு எதிராக எப்போதும் எழுப்பப்படும் பெயர் பெய்ட்டன் மானிங். 1998-இல் வந்த முதல் பந்தயத்திலிருந்தே ஆடினார். 28 பந்துகளைப் பறிகொடுத்தார். அணி 3 வென்று 13 தோற்றது. அடுத்த ஆண்டே 13 வென்று 3 தோற்றது. “பார்த்தாயா, களமே ஆசான்!” என்பார்கள். மானிங் டென்னஸி பல்கலைக்கழகத்தில் நான்கு பருவம் ஆடிப் பழுத்து வந்தவர் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்த 28 பறிகொடுப்புகளில் அவர் கற்றது கண்ணுக்கான பாடம். காலுக்கான பாடத்தை முன்பே முடித்துவிட்டு வந்திருந்தார்.

மானிங்கைக் காட்டிலும் என்னைச் சங்கடப்படுத்தும் பெயர் ஜாஷ் ஆலன். 2018-இல் பஃபலோ அணி அவரைப் பொறுமையாக வளர்க்கவே எண்ணியது. முதல் பந்தயத்தில் வேறொருவரை இறக்கி 47-க்கு 3 என்று உதை வாங்கியது. இரண்டாம் வாரமே ஆலன் களத்தில். அவர் எறிந்த பந்துகளில் அந்தப் பருவம் தோழர்களைச் சேர்ந்தவை நூற்றுக்கு 52.8, 2019-இல் 58.8, 2020-இல் 69.2! களத்தில் நின்றபடியே இவ்வளவு உயர்ந்தாரே என்றால், பதில் இதுதான்: திருத்தம் நடந்தது பந்தயங்களுக்கு இடையில் அன்று, ஆண்டுதோறும் பருவம் முடிந்த பின், ஜோர்டன் பாமர் என்ற தனி ஆசிரியரிடம் அடியும் இடுப்பும் திருத்தி எறிந்து பழகிய மாதங்களில். அணியிலோ 2018 முதல் 2021 வரை தாக்குதலை வகுத்தவர் ஒருவரே. ஸ்மித்துக்கு ஐந்து பேர், ஆலனுக்கு ஒருவர். இருந்தாலும் அவ்வளவு தாங்கும் உடல் எத்தனை பேருக்கு உண்டு? ஆலனைக் காட்டி எல்லாரையும் தள்ளிவிடுவது, ஆற்றில் விழுந்து நீந்திக் கரையேறியவனைக் காட்டி மற்றவர்களையும் ஆற்றில் தள்ளுவது போல.

பின் ஏன் அவசரம்? பணம்தான். 2010-இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர். “இவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார வைப்பதா?” என்று அன்றைக்கு அவசரப்பட்டார்கள். 2011-இல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் புது உடன்படிக்கை செய்து புதியவர்களின் சம்பளத்தை வெட்டின. அவ்வாண்டு முதலிடத்துக் காம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம். சரி, இனிப் பொறுமை வரும் என்று பார்த்தால், “மலிவாகக் கிடைக்கும் நாலு ஆண்டை வீணாக்குவதா?” என்று மறுபடியும் அவசரம்! விலை ஏறினாலும் அவசரம், இறங்கினாலும் அவசரம். இதற்குள் தோற்றால் பயிற்சியாளருக்கு வேலை போகும். போகிறவர் விதைநெல்லையும் அவித்துத் தின்றுவிட்டுப் போவதில் வியப்பென்ன?

கல்லூரிகளும் இன்று பழைய கல்லூரிகள் அல்ல. மாணவ ஆட்டக்காரர் ஒரு முறை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடலாம் என்று 2021-இல் விதி தளர்ந்தது. அதே ஆண்டு தம் பெயரை விற்றுப் பொருள் ஈட்டவும் வழி திறந்தது. இரண்டும் நியாயமானவை என்பதே என் எண்ணம். ஆயினும் ஓரிடத்தில் ஒரே ஆசிரியரிடம் இருந்து பழுப்பது அங்கேயும் அருகிவருகிறது.

ஆன்டனி ரிச்சர்ட்ஸன் கதையை நினைக்கும்போது எனக்கு மனம் கசக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அவர் முதல் ஆட்டக்காரராக இறங்கியது 13 பந்தயங்களில் மட்டுமே. வியத்தகு உடல், வியத்தகு கை. கால் வைப்பு பதப்படவில்லை. 2023-இல் நான்காம் இடத்தில் எடுத்த இண்டியானாபொலிஸ் அணி முதல் வாரமே இறக்கிற்று. நான்கு பந்தயத்தில் தோள் காயப்பட்டுப் பருவம் முடிந்தது. 2024-இல் அவர் எறிந்தவற்றில் சேர்ந்தவை நூற்றுக்கு 47.7. 2025 பருவத் தொடக்கத்தில் முதல் இடம் டேனியல் ஜோன்ஸுக்குப் போயிற்று. பெஞ்சில் தொடங்கியிருக்க வேண்டியவர், களத்தில் தொடங்கிப் பெஞ்சுக்குப் போனார்.

பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாலே போதும் என்று யாரும் எண்ண வேண்டாம். கற்பிப்பார் இல்லாமல் மூன்றாண்டு உட்கார்ந்தால் முதுகுதான் தேயும். 2017-இல் கான்சஸ் சிட்டி அணி செய்தது வேறு. அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் கொடுத்து, பத்தாம் இடத்துக்கு ஏறி, பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. தகப்பனார் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசியவர். மகனுக்குப் பக்கவாட்டிலும் சாய்ந்தும் எறிகிற வித்தை கைவந்திருந்தது. பயிற்சியாளர் ஆண்டி ரீட் அந்தக் கையின் சுதந்திரத்தைப் பறிக்கவில்லை. ஆனால் இளைஞரை அவசரமாக அரங்கேற்றவும் இல்லை. ஒரு பருவம் முழுவதும் ஒரு மூத்தவருக்குப் பின்னால் நிறுத்தி, டிசம்பர் 31 அன்று டென்வரில் ஒரே ஒரு பந்தயத்தில் இறக்கினார். மறு ஆண்டு மஹோம்ஸ் எறிந்த டச் டவுன்கள் 50. தூரம் 5,097 கெஜம்.

அந்த மூத்தவர் அலெக்ஸ் ஸ்மித். கூட்ட அறையில் எதிரணியை எப்படிப் படிப்பது, வாரத்தை எப்படிப் பகுத்துக்கொள்வது என்று தம் இடத்தைப் பறிக்க வந்தவருக்கே ஒளிக்காமல் காட்டித் தந்தார். மஹோம்ஸ் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். இருபத்தொரு வயதில் தமக்குக் கிடைக்காத ஓராண்டை இன்னொருவருக்குக் கொடுத்த அந்தப் பருவத்தில், லீகின் குவார்ட்டர்பேக்குகளுள் மிக உயர்ந்த எறிதல் மதிப்பெண் ஸ்மித்துடையதே: 104.7. பருவம் முடிந்ததும் அவரை வாஷிங்டன் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.