“யார் அழித்தது?” என்று கத்தாதீர்கள்!

கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றது அந்தக் காலம். இப்போது கரையான் வேண்டாம். ஒரு விரல் போதும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த கல்யாணப் படங்களைக் காணோம். காலமான தாத்தா, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படமும் அதில்தான் இருந்தது. அதற்கு வேறு பிரதி கிடையாது.

அப்பா சத்தம் போடுகிறார்:

“யாருடா அழிச்சது?”

பையன் சுவரைப் பார்க்கிறான். பெண், “எனக்குத் தெரியாதுப்பா” என்கிறாள். “மூணு நாளா நீங்கதானே அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க!” என்று அம்மா ஒரு போடு போடுகிறாள். சண்டை வளர்கிறது. படம் வரவில்லை.

பல வீடுகளில் நடக்கும் காட்சி இது.

போன படம் திரும்பி வருமா? பல சமயம் வரும். ஆனால் அந்தச் சத்தம்தான் படத்துக்கு முதல் எதிரி. எப்படி என்று பார்ப்போம்.

சத்திரத்து நோட்டு

ஒரு சத்திரம் இருக்கிறது. யார் யார் எந்த அறையில் என்று மேனேஜர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் தவறுதலாக 5-ம் நம்பர் அறைக்காரர் பெயரை அடித்துவிடுகிறார். நோட்டைப் பார்த்தால் அறை காலி. உள்ளே போய்ப் பார்த்தால் அவர் பாட்டுக்குக் குறட்டை விட்டுத் தூங்குகிறார்!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். அழித்ததும் பைல் முதலில் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு தட்டில் எடுத்துவிடலாம். தொட்டியையும் காலி செய்துவிட்டால்? பழைய வகை டிஸ்க்காக இருந்தால், அப்போதும் நோட்டில் பெயர்தான் அடிபடுகிறது. ஆள் அறையில்தான் இருக்கிறார்.

எதுவரை இருப்பார்? அடுத்த விருந்தாளி வரும்வரை இருப்பார்.

அறை காலி என்று நோட்டுச் சொல்வதால், கம்ப்யூட்டர் புதுப் பைலை அங்கே கொண்டுபோய் வைக்கும். நீங்கள் ஒரு சினிமாவை இறக்கினால் அது 5-ம் நம்பர் அறைக்குப் போகலாம். அதோடு தாத்தா படம் போயிற்று.

ஆகவே முதல் வேலை, கையை எடுப்பது. அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டு வேண்டாம், சினிமா வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நிறுத்துங்கள்.

பதறிப்போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மீட்கும் புரோகிராமை அதே டிஸ்க்கில் இறக்குகிறார்கள். தேடப் போகிற ஆளே அந்த அறையில் ஏறிப் படுத்துக்கொண்ட கதைதான்! ‘போட்டோரெக்’ போன்ற இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவிலிருந்து ஓட்ட வேண்டும். கிடைக்கிற படங்களையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் இந்த அதிர்ஷ்டம் குறைவு. அங்கே பெயரை அடித்த கொஞ்ச நேரத்தில் மேனேஜரே அறையைக் கழுவி விட்டுவிடுகிறார். செல்போனிலும் தொட்டி காலியாகிவிட்டால் மீட்பது கஷ்டம்.

கெடு வைத்த தொட்டி

“எங்கள் படமெல்லாம் கிளவுடில் இருக்கிறது. பயமில்லை” என்று சிலர் சொல்கிறார்கள். கிளவுட் என்றால் மேகம். ஆனால் படம் மேகத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், பெரிய கட்டடத்தில், வேறொருவர் நடத்தும் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அது பெட்டகம் அல்ல, முகம் பார்க்கும் கண்ணாடி. போனில் நீங்கள் செய்வதை அதுவும் செய்யும். ‘கூகுள் போட்டோஸ்’ புத்தகத்தில் ஒரு படத்தை அழித்தால், போனிலும் போகும், கிளவுடிலும் போகும். ‘இரண்டு இடத்தில் இருக்கிறது’ என்று நினைத்திருந்தவர் ஏமாந்து போகிறார்.

ஆனால் இங்கும் தொட்டி உண்டு. கெடுவும் உண்டு. ‘கூகுள் டிரைவ்’ தொட்டியில் 30 நாள். ‘கூகுள் போட்டோஸ்’ தொட்டியில், கிளவுடில் ஏறிய படத்துக்கு 60 நாள். ஐபோன் போட்டோக்களுக்கும் 30 நாள். கெடு தாண்டினால் தொட்டி தானாகக் காலியாகும்.

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். அழித்தது அவன்தான். எந்த இடத்தில் இருந்தது, எப்போது அழிந்தது, எல்லாம் அவனுக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருந்தால் தொட்டியிலிருந்து எடுக்க ஒரு நிமிஷம். அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டான். ஐந்து வாரம் கழித்து உண்மை வெளியே வருகிறது. 30 நாள் கெடு தாண்டிவிட்டது.

படத்தை அழித்தது அவன் விரல். திரும்பி வராமல் செய்தது அப்பாவின் குரல்.

காணாமல் போன சினிமா

பெரிய கம்பெனியிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில், கலிபோர்னியாவில், பிக்சார் என்ற சினிமாக் கம்பெனி உண்டு. 1998-ல் அங்கே ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தது. பொம்மைகள் பேசி நடிக்கும் படம். முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவாவது.

யாரோ ஒருவர், தவறான இடத்தில், அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார்.

ஓரன் ஜேக்கப் என்ற தொழில்நுட்பக்காரர் பைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகப் பொம்மை வுட்டி. அவனுடைய தொப்பி மறைந்தது. பூட்ஸ் மறைந்தது. பிறகு வுட்டியையே காணோம்! “மெஷினின் கரண்டைப் பிடுங்குங்கள்!” என்று போனில் கத்தினார்கள். அதற்குள் படத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் போய்விட்டது.

பிரதி எடுத்து வைத்திருக்கிறோமே என்று தைரியமாகத் தேடினார்கள். பிரதி எடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவே இல்லை. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

பல பேருடைய பல மாத உழைப்பு. எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அப்போது கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்கு ஞாபகம் வந்தது. அவர் படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களில் ஒருவர். குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவ்வப்போது படத்தின் பிரதியை ஏற்றி வந்தார்கள். உடனே காரில் பறந்தார்கள். கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல் காரில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது! 1999 நவம்பரில் திரைக்கும் வந்தது. (இவ்வளவு பாடுபட்டு மீட்ட பிறகு, கதை சரியில்லை என்று பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தார்கள். அது வேறு விஷயம்!)

அந்தக் கட்டளையைத் தட்டியவர் யார்? அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த எட் கேட்மல் 2014-ல் எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்கிறார். படத்தை மீட்டார்கள். பிரதி எடுக்கும் ஏற்பாட்டைச் சரி செய்தார்கள். அழிக்கும் கட்டளையை எல்லோரும் தட்ட முடியாதபடி செய்தார்கள். தட்டியவரைக் கண்டுபிடித்துத் தண்டிக்கும் வேலை மட்டும் அவர்கள் பட்டியலில் இல்லை!

கோடிக்கணக்கான டாலர் முதல் போட்ட கம்பெனியால் முடிந்தது, ஒரு குடும்பத் தலைவரால் முடியாதா? பிரதி எடுத்து வைக்காத குற்றம் குழந்தையுடையது அல்லவே.

மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பள நாளாகவே இருக்கட்டும். முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் தனி டிஸ்க் ஒன்றில் ஏற்றிக் கழற்றி வையுங்கள். இன்னொரு பிரதி அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். வெள்ளமும் திருடனும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வருவது அபூர்வம். ஏற்றிய பிறகு நாலு படத்தைத் திறந்து பாருங்கள்.

அப்படியும் ஒரு சாயங்காலம் பையன் வந்து, “அப்பா, தெரியாம அழிச்சிட்டேன்” என்று நிற்கலாம். பெல்ட்டைத் தேட வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து இதைக் கேளுங்கள்:

“எந்த இடத்தில இருந்தது? எத்தனை மணிக்கு அழிச்சே?”